டெம்ப்ளேட்டிலிருந்து மெஷின் எடுப்பவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, வணக்கம். நம் தருமபுரி லேபில் நேற்று ஒரே உபுண்டு டெம்ப்ளேட்டிலிருந்து (நகலெடுக்க வைத்திருக்கும் மாதிரி மெஷின்) எடுத்த இரண்டு விர்ச்சுவல் மெஷின்களுக்கும் ஒரே ஐபி முகவரி வந்து நின்றது. பாலக்கோட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த பிள்ளைகள் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், மனசு கேட்கவில்லை.

டெம்ப்ளேட் ஆக்கும் முன், மெஷினின் தனி அடையாள எண் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்யாததுதான் காரணம். நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி வேறாக இருந்தாலும், உபுண்டு சர்வர் அந்த ஐடியைக் காட்டித்தான் ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரிடம் முகவரி கேட்கிறது. கோப்பையே அழித்துவிடாதீர்கள், உள்ளே இருப்பதை மட்டும் நீக்குங்கள். தொலைவிலிருந்து உள்நுழையும்போது மெஷினை அடையாளம் காட்டும் எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீகளையும் நீக்கிவிடுங்கள். முதல் பூட்டில், தொடக்க அமைப்பைச் செய்யும் கிளவுட்-இனிட் மென்பொருள் அவற்றைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். விண்டோஸ் என்றால் இந்த வேலைக்கு சிஸ்பிரெப் என்ற கருவியை ஓட்டுங்கள்.

அப்புறம், லிங்க்டு குளோன் (முழு நகலாக இல்லாமல் மூலத்தோடு இணைந்த நகல் மெஷின்) ஓடும்போது மூல டெம்ப்ளேட்டைத் தயவுசெய்து நீக்காதீர்கள். அதன் டிஸ்க்கை நம்பித்தான் அவை ஓடுகின்றன.

புது டெம்ப்ளேட் இன்று மாலை போட்டுவிடுகிறேன். அதுவரை பழையதிலிருந்து எதுவும் எடுக்க வேண்டாம்.