கப்பல் நிற்கும் ஊர் எது என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறந்ததும் கோடை விடுமுறைக்கான மத்தியதரைக் கடல் கப்பல் பயண விளம்பரங்கள் நம் பகுதிப் பத்திரிகைகளில் வர ஆரம்பித்துவிடுகின்றன. "ஏழு இரவு, ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ், ஏதென்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அந்த ஊர்களில் பெரும்பாலானவற்றில் கப்பல் நிற்பதே இல்லை. பணம் கட்டுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும் என்பதற்காக, பாளையங்கோட்டையில் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

ரோம் என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். நாகர்கோவிலில் இறக்கிவிட்டு, "நெல்லையப்பரைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுங்கள்" என்று சொல்வது போலத்தான். ஃப்ளோரன்ஸ் என்றால் லிவோர்னோ துறைமுகம், சுமார் 90 கிலோமீட்டர். வெனிஸ் இன்னும் மோசம். 2021 ஆகஸ்ட் 1 முதல் பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரை ஒட்டிய கால்வாய்க்குள் வரக் கூடாது என்று இத்தாலி தடை போட்டுவிட்டது. அதனால் பல கப்பல்கள் ரவென்னாவிலோ திரியெஸ்தேயிலோ நிற்கின்றன. ரவென்னாவிலிருந்து வெனிசுக்குப் பஸ்ஸில் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஏறக்குறைய மதுரைக்கும் நமக்கும் உள்ள தூரம். விளம்பரத்தில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் துறைமுகத்தின் பெயரையும் அச்சிட வேண்டும் என்று விளம்பரதாரர்களைத் தங்கள் பத்திரிகை கேட்டுக்கொண்டால் பெரிய உதவியாக இருக்கும்.

கப்பலில் ஷோர் எக்ஸ்கர்ஷன் என்று சொல்லும் கரைச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுப்பதில் தூரம்தான் முதல் கணக்கு. துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டிய ஊர் என்றால் கப்பல் கம்பெனியின் சுற்றுலாவிலேயே போங்கள். ஊர் துறைமுகத்தை ஒட்டியே இருந்தால் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. காரணம் இதுதான்: கம்பெனி பஸ் நெரிசலில் மாட்டித் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்குத் தங்கள் செலவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நீங்களாகப் போய்த் தாமதமாக வந்தால் கப்பல் போய்விடும். அடுத்த ஊருக்கு விமானமோ ரயிலோ பிடித்து உங்கள் செலவில் போய்த்தான் ஏற வேண்டும். பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்திருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகலும் கப்பலின் உள்ளூர் முகவருடைய போன் எண்ணும் எப்போதும் கையில் இருக்கட்டும். அந்த எண் முந்தைய நாள் இரவு அறைக்கு வரும் தாளில் இருக்கும்.

தனியாகத்தான் ரோமுக்குப் போவேன் என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கப்பல் காலை 7 மணிக்கு நிற்கிறது, இரவு 7 மணிக்குக் கிளம்புகிறது. இறங்க அனுமதி கிடைக்கும்போது 7.45 ஆகிவிடும். துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள், வாசல் வரை ஷட்டில் பஸ்தான். அங்கிருந்து ஸ்டேஷன் போய், டிக்கெட் எடுத்து, ரயில் வரக் காத்திருந்து ஏறும்போது 9 மணி. பேராலயம் பார்க்கிறவர்கள் ரோமா சான் பியெத்ரோ என்ற ஸ்டேஷனில் இறங்குங்கள். புனித பேதுரு பேராலயம் அங்கிருந்து கால் மணி நேர நடை. ரோமின் பெரிய ஸ்டேஷனான டெர்மினி வரை போனால் திரும்பி வர வேண்டியிருக்கும். ஆக, ரோமில் கால் வைக்கும்போது 10 மணி. கப்பலில் ஏறி முடிக்க வேண்டிய நேரம் மாலை 6 அல்லது 6.30. ஒரு ரயில் தவறினாலும் அடுத்ததில் வரலாம் என்ற இடைவெளி வேண்டுமானால் 3.30 மணி ரயிலையாவது பிடிக்க வேண்டும். கையில் இருப்பது ஐந்தரை மணி நேரம். அதற்குள் பேராலயமும் வாட்டிகன் அருங்காட்சியகமும் பார்க்கலாம், அல்லது கொலோசியமும் அதைச் சுற்றியுள்ள பழைய நகரமும் பார்க்கலாம். இரண்டையும் பார்க்க நினைத்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

அச்சடித்த ரயில் டிக்கெட்டை ஏறும் முன் பிளாட்பார மிஷினில் செருகி முத்திரை போட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் சில ரயில்களைக் கட்டாயம் ஓட்டியாக வேண்டும் என்பது விதி. அந்த மாலை ரயில்கள் உங்கள் கப்பல் நேரத்துக்கு உதவாது. எனவே வேலைநிறுத்த நாளில் கப்பல் பஸ்ஸே கதி.

லிவோர்னோவில் ஃப்ளோரன்ஸை விட்டுவிட்டு பீசா மட்டும் போதும் என்றால் தனியாகப் போகலாம், ரயிலில் 20 நிமிடம்தான். சாய்ந்த கோபுரத்தில் ஏற நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். 8 வயது நிரம்பாத குழந்தைகளை ஏற விடமாட்டார்கள்.

இனி, கம்பெனிக்குப் பணம் கட்டவே தேவையில்லாத ஊர்கள். மால்டாவில் வல்லெட்டா நகரம் கப்பல் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது. கோட்டைச் சுவரை ஒட்டி 58 மீட்டர் உயர லிஃப்ட் ஒன்று இருக்கிறது, ஏறினால் நகருக்குள் இறங்கிவிடலாம். அப்போஸ்தலர் பவுல் கப்பல் சேதப்பட்டு ஒதுங்கிய தீவு இது, அவர் பெயரில் நகருக்குள்ளேயே ஒரு கோவில் உண்டு. மாண்டினீக்ரோ நாட்டின் கோட்டோரில் பழைய நகரத்தின் வாசல் துறைக்கு எதிரேயே இருக்கிறது. மேலே கோட்டைக்கு ஏற சுமார் 1,350 படி, வெயிலுக்கு முன் ஏறிவிட வேண்டும். குரோஷியாவின் துப்ரோவ்னிக்கில் பழைய நகரம் துறையிலிருந்து 3 கிலோமீட்டர், டவுன் பஸ் உண்டு. ஏதென்சுக்கு பிரேயுஸ் துறைமுகம். மெட்ரோவின் பச்சை நிறத் தடத்தில் நகர நடுவிலுள்ள மொனாஸ்திராக்கி வரை அரை மணி நேரம்கூட ஆகாது. 2022 முதல் நீல நிறத் தடமும் பிரேயுஸ் வரை வருகிறது. ஏதென்சின் மலைமேல் உள்ள பழங்காலக் கோட்டையான அக்ரோபோலிசுக்கு 2023 முதல் நேரம் குறித்த டிக்கெட்தான், ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை. கடும் வெயில் நாட்களில் நடுப்பகலில் பல மணி நேரம் மூடிவிடுகிறார்கள். காலை முதல் நேரத்துக்கே வாங்குங்கள்.

கப்பல் கம்பெனியின் சுற்றுலாப் பட்டியலைப் படிக்கும்போது சொற்களைக் கவனிக்க வேண்டும். "பனோரமிக்" என்றிருந்தால் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான், பெரும்பாலான இடங்களில் இறங்க மாட்டீர்கள். "ரோம் ஆன் யுவர் ஓன்" என்றால் பஸ்ஸில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவார்கள், வழிகாட்டி கிடையாது, நுழைவுச்சீட்டும் கிடையாது. நன்றாகப் படித்துத் தயாராகப் போகிறவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். விலை குறைவு, திரும்பும் பயமும் இல்லை. "எட்டு மணி நேரச் சுற்றுலா" என்று போட்டிருந்தால் அது பஸ் நேரத்தையும் சேர்த்து. மதியச் சாப்பாடு உண்டு என்று போட்டிருந்தால் அதற்கே ஒன்றரை மணி நேரம் போய்விடும். சைவம் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். சாப்பாடு இல்லாத சுற்றுலாவை எடுத்து, தெருவில் ஒரு மார்கெரிட்டா பீட்சாத் துண்டோடு மதியத்தை முடித்துக்கொண்டால் பார்க்க நேரம் மிஞ்சும். துருக்கியின் குஷாதாசி துறைமுகச் சுற்றுலாக்களில் எபேசு என்ற பழைய நகரத்தைப் பார்த்து முடித்ததும் கம்பளக் கடைக்கோ தோல் கடைக்கோ கூட்டிப்போய் முக்கால் மணி நேரம் உட்கார வைப்பார்கள். "ஷாப்பிங் ஸ்டாப் இல்லை" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குப் பரிசாக டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார்கள். அவர்களுக்காகத் தேர்ந்தெடுக்கும்போது ஊரின் புகழைப் பார்க்காதீர்கள், மூட்டு வலியைப் பாருங்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ஊரான பொம்பெயில் தெரு முழுக்கப் பெரிய கருங்கல் பாவியிருக்கும், கற்களுக்கு நடுவில் வண்டித் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கும், தெருவைக் கடக்க முழங்கால் உயரக் கற்களில் கால் வைத்துத் தாண்ட வேண்டும். நிழல் கிடையாது. எபேசில் பளிங்குத் தெரு சரிவாக இறங்குகிறது. மேல் வாசலில் இறக்கிவிட்டுக் கீழ் வாசலில் ஏற்றிக்கொள்ளும் சுற்றுலாவாகப் பார்த்து எடுங்கள். டாக்சிக்காரர் கீழ் வாசலில் விட்டால் முழுச் சரிவையும் ஏறி, திரும்ப இறங்க வேண்டும். அந்தப் பளிங்கு லட்சக்கணக்கான கால்கள் பட்டு வழுவழுவென்று ஆகியிருக்கிறது. அடி தேய்ந்த தோல் செருப்பு அதில் நிற்காது, ரப்பர் அடியுள்ள ஷூ வேண்டும்.

கிரீசின் சாந்தொரினித் தீவில் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. நடுக்கடலில் நிறுத்தி, டெண்டர் என்ற சிறு படகில்தான் இறக்குவார்கள். கம்பெனி சுற்றுலா எடுத்தவர்களை முதலில் இறக்கி, வேறொரு துறையிலிருந்து பஸ்ஸில் மேலே கூட்டிப்போவார்கள். மற்றவர்கள் பாறையின் அடியில் இறங்கி, கேபிள் காரிலோ கிட்டத்தட்ட 600 படிகள் ஏறியோதான் ஊருக்குள் போக முடியும். போகும்போது சமாளித்துவிடலாம், திரும்பும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள். நான்கைந்து கப்பல் பயணிகளும் ஒரே நேரத்தில் கேபிள் கார் வாசலில் நிற்பார்கள். கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பே அந்த வரிசையில் நின்றுவிடுங்கள். கம்பெனி சுற்றுலாவில் போனவர்களையும் பெரும்பாலும் மேலேயே விட்டுவிடுவார்கள், அவர்களும் அதே வரிசைக்குத்தான் வர வேண்டும். காற்று பலமாக இருந்தால் கப்பல் நிற்காமலேயே போய்விடும். கம்பெனி சுற்றுலா என்றால் பணம் தானாகத் திரும்பிவிடும். தனியாரிடம் வாங்கியிருந்தால், "கப்பல் வராவிட்டால் முழுப் பணம்" என்ற நிபந்தனை எழுத்தில் இருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் சாந்தொரினி, மிக்கொனோஸ் தீவுகளில் கோடை மாதங்களில் ஆளுக்கு 20 யூரோ வரி உண்டு, அது கப்பல் பில்லில் சேர்ந்து வரும்.

கோவில் நடை சாத்தும் நேரம் தெரியாமல் நாம் வெளியூரிலிருந்து யாரையும் அழைத்து வர மாட்டோம். அங்கேயும் அப்படித்தான். ஃப்ளோரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகம் திங்கட்கிழமை கிடையாது. வாட்டிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். புதன்கிழமை காலையில் போப்பாண்டவர் சதுக்கத்தில் மக்களைச் சந்தித்தால் பேராலயத்துக்குள் மதியம் வரை விடமாட்டார்கள். நம்மவர்கள் போவது பெரும்பாலும் மே மாதம் என்பதால், மே 1 அன்று வாட்டிகன் அருங்காட்சியகமும் அக்ரோபோலிசும் மூடியிருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலைக்கும் வேட்டிக்கும் சிக்கலே இல்லை, அரைக்கால் சட்டை போட்ட பேரப்பிள்ளைகளைத்தான் திருப்பி அனுப்புவார்கள். ரோம் மெட்ரோவிலும் பார்சிலோனாவின் ராம்ப்ளா தெருவிலும் ஜேப்படி அதிகம். தாலிக்கொடி வெளியே தெரியாமல் இருக்கட்டும், மற்ற நகைகள் கப்பல் அறைப் பெட்டகத்தில் இருக்கட்டும்.

கடிகாரம் இன்னொரு பொறி. கோடையில் கிரீசும் துருக்கியும் இத்தாலியைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. செல்போன் கரை நேரத்துக்குத் தானாக மாறிவிடும், கப்பல் தன் நேரத்தை மாற்றாமலும் இருக்கலாம். ஏறும் நேரம் கப்பல் நேரப்படிதான். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்வது நல்லது.

குடும்பமாக ஏழெட்டுப் பேர் போகிறவர்களுக்குக் கணக்கு மாறும். கம்பெனி தலைக்கு இவ்வளவு என்று வாங்கும், தனியார் வேன் வண்டிக்கு இவ்வளவு என்று வாங்கும். எட்டுப் பேர் என்றால் வேன் பெரும்பாலும் மலிவாகவே முடியும், கிழவர்களுக்கு நின்று நிதானித்துப் போகவும் முடியும். எபேசு குஷாதாசி துறையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான் என்பதால் அங்கே வேன் சரியான தேர்வு. மாதாவின் வீடு என்று வணங்கப்படும் மலைக் கோவிலையும் அதே வேனில் சேர்த்துக்கொள்ளலாம். கம்பெனியின் சுற்றுலாக்கள் எல்லாவற்றிலும் அது இருக்காது.

விசாவில்தான் பெரிய அடி விழுகிறது. கிரீசிலிருந்து துருக்கிக்கோ, குரோஷியாவிலிருந்து மாண்டினீக்ரோவுக்கோ, இத்தாலியிலிருந்து துனீசியாவுக்கோ கப்பல் போனால் ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறிவிட்டதாகக் கணக்கு. திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. விசா ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கைக் கட்டத்தில் "மல்ட்" (பலமுறை) என்று இருக்க வேண்டும். "01" (ஒரே முறை) என்றிருந்தால் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள். சென்னையிலோ கொச்சியிலோ விண்ணப்பம் கொடுக்கும்போதே கப்பலின் துறைமுகப் பட்டியலை இணைத்து, பலமுறை நுழைவு வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். துருக்கி, மாண்டினீக்ரோ போன்ற நாடுகளில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன தேவை என்பதையும் கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் அங்கே கரைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட வேண்டும்.

கடைசியாக நேப்பிள்ஸ். இங்கே துறைமுகம் நகரின் நடுவிலேயே இருக்கிறது. எல்லோரும் பொம்பெய்க்கோ காப்ரி தீவுக்கோ ஓடுகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கும் வெயில் தாங்காதவர்களுக்கும் எங்கள் யோசனை, துறைமுகத்துக்கு எதிரே முனிசிபியோ ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, மூன்றாவது நிறுத்தமான முசேயோவில் இறங்குவதுதான். ஸ்டேஷனை ஒட்டியே தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். பொம்பெயில் கிடைத்த சுவரோவியங்களும் தரைச் சித்திரங்களும் இங்கேதான் இருக்கின்றன. 1938இல் பொம்பெயில் ஒரு வீட்டில் தோண்டி எடுத்த இந்தியத் தந்தச் சிற்பமும் இங்கே இருக்கிறது. ஒரு சாண் உயரத்துக்குச் சற்று அதிகம், கழுத்திலும் கையிலும் இடுப்பிலும் அணிகளோடு ஒரு பெண், இரு பக்கமும் சிறிய தோழிகள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலுக்குள் போனது. கொற்கை முத்து கடல் கடந்து போன அதே காலத்தில் இந்தியாவிலிருந்து அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த பொருள். ரகசிய அறை என்று பெயரிட்ட தனிப் பகுதியில் வைத்திருப்பார்கள், உள்ளே போனதும் கேட்டுக்கொண்டு போங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் அந்த அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டாளர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.