ஓடிக்கொண்டிருந்த ஸ்பிரிங்கை ஏன் மாற்றினோம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம் நண்பர்களே,

போன மாதம் ஒருவர் ரிப்பேருக்குக் கொடுத்த தன் 9 மி.மீ. கார்பைனை (பிஸ்டல் தோட்டா சுடும் குட்டை ரைஃபிள்) வாங்க வந்தார். பில்லைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ரீகாயில் ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங், ஹேமர் பின் என்று மூன்று வரி. "தோட்டா சரியா ஏறலைன்னுதானே கொடுத்தேன், ஓடிக்கிட்டிருந்த ஸ்பிரிங்கை எதுக்குங்க மாத்துனீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். கவுன்டரில் நின்றபடி பத்து நிமிடம் விளக்கினேன், அவருக்குப் பாதிதான் புரிந்தது போலிருந்தது, எனக்கும் சொல்லி முடித்த திருப்தி இல்லை. இதே கேள்வி இன்னும் பல பேர் மனதில் இருக்கும் என்பதால் எழுதியே விடுகிறேன்.

முன்பெல்லாம் இந்த வகைத் துப்பாக்கிகள் எங்கள் டெக்சாஸ் கடைக்கு எப்போதாவதுதான் வரும். 2016ல் யூஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்கத் துப்பாக்கி சுடும் போட்டிச் சங்கம்) போட்டிகளில் பிஸ்டல் தோட்டா கார்பைனுக்கென்று தனிப் பிரிவு வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. வருடத்துக்கு இரண்டு பெட்டி சுட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஒரு சனிக்கிழமையிலேயே அவ்வளவையும் தீர்த்துவிடுகிறார்கள். அடியும் அழுத்தமும் குறைந்த தோட்டா, 16 அங்குலக் குழல், தோளில் முட்டுக்கொடுத்துச் சுடுவது, எல்லாம் சேர்ந்து "இது பஞ்சு மாதிரி, இதில் என்ன தேயப்போகிறது" என்ற நினைப்பைத் தந்துவிடுகிறது. சுடுகிறவருக்குப் பஞ்சுதான். உள்ளே இருக்கும் உதிரிபாகங்களிடம் கேட்டால் கதை வேறு.

காகிதத்தில் பார்த்தால் 9 மி.மீ. தோட்டாவின் உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .223 ரைஃபிள் தோட்டாவுக்கு 55,000. ஆனால் .223 ரைஃபிளில் போல்ட் (தோட்டாவின் பின்புறத்தை மூடி நிற்கும் உலோகக் கட்டை) பூட்டு மாதிரி திருகி நிற்கிறது, அழுத்தம் இறங்கிய பிறகுதான் திறக்கும். நம்மிடம் வரும் கார்பைன்களில் பெரும்பாலானவை நேரடி ப்ளோபேக் வகை. அதில் பூட்டே கிடையாது. போல்ட்டின் எடையும் பின்னால் இருக்கும் ரீகாயில் ஸ்பிரிங்கும் மட்டுமே சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) மூடி வைத்திருக்கின்றன. ஏழரை கிராம் குண்டு முன்னால் பறக்கும்போது அரைக் கிலோவுக்கும் மேல் எடையுள்ள போல்ட்டும் அதன் பின்னால் இருக்கும் பஃபர் எடையும் பின்னால் ஓடிப்போய் முட்டி, திரும்ப முன்னால் வந்து அறைகின்றன. ஒவ்வொரு சுடலுக்கும் இரண்டு சுத்தியல் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு இல்லாததால் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே வரும்போதே கரியும் புகையும் பின்னால் வந்து ட்ரிகர் வரை அப்பிவிடும். சைலன்சர் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, ஸ்பிரிங்குக்கு வருவோம். கொஞ்சம் சிக்கல் வந்ததும் பலர் செய்கிற முதல் வேலை, இன்னும் விறைப்பான ஸ்பிரிங் ஒன்றை வாங்கிப் போடுவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். போல்ட் பின்னால் கிளம்பும் வேகத்தைப் பெரும்பாலும் அதன் எடைதான் தீர்மானிக்கிறது, ஸ்பிரிங்கின் பங்கு அதில் சிறியது. விறைப்பான ஸ்பிரிங் திரும்பி வரும் அடியை மட்டும் இன்னும் பலமாக்கும், மேகசீனிலிருந்து (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அடுத்த தோட்டா மேலே எழும்புவதற்குள் போல்ட் தாண்டிப் போய்விடும். பிறகு "தோட்டா ஏறலை" என்று எங்களிடம் வருவீர்கள். எடை குறைவாக இருந்தால் கனமான பஃபர் போட வேண்டும், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதே அளவில் புது ஸ்பிரிங் போட வேண்டும். பழைய ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு குட்டையாகியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். எங்கள் கடை வழக்கம் ஐயாயிரம் ரவுண்டுக்கு ஒரு முறை மாற்றுவது. இது சட்டம் இல்லை, தயாரிப்பாளர் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அடுத்தது எக்ஸ்ட்ராக்டர், அதாவது கூட்டின் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ப்ளோபேக்கில் காலிக் கூட்டை வெளியே தள்ளுவது வாயு அழுத்தம்தான், எக்ஸ்ட்ராக்டர் இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. எஜெக்டரில் (கூட்டை வெளியே தட்டிவிடும் முனை) மோதும் வரை கூட்டைப் போல்ட் முகத்தில் பிடித்துவைப்பது மட்டும்தான் அதன் வேலை. அதனால் கொக்கி பாதி மழுங்கியிருந்தாலும், அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் துப்பாக்கி நன்றாக ஓடுவது போலவே தெரியும். சுடாத தோட்டாவைக் கையால் வெளியே எடுக்க முயலும்போதுதான் சாயம் வெளுக்கும், தோட்டா சேம்பரிலேயே உட்கார்ந்திருக்கும். நீங்கள் மேகசீனைக் கழற்றி, போல்ட்டை ஒரு தடவை இழுத்துவிட்டு, "காலி" என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். வீட்டில் சோதிப்பதானால் டம்மி ரவுண்டில் (மருந்தில்லாத போலித் தோட்டா) மட்டும் சோதியுங்கள், சேம்பரை எப்போதும் கண்ணால் பாருங்கள்.

ஹேமர் பின் (தோட்டாவை வெடிக்கவைக்கத் தட்டும் சுத்தியலைத் தாங்கும் அச்சு) ஏன் என்றும் அந்த வாடிக்கையாளர் கேட்டார். ஏஆர்-15 ரைஃபிள் வடிவக் கார்பைன்களில் ட்ரிகர் பாகங்கள் ரைஃபிளுக்காக வடிவமைத்தவை. இந்தக் கனமான போல்ட் பின்னால் போகும்போது ஹேமரை முரட்டுத்தனமாக மடக்குகிறது. ஹேமரைத் தொடும் இடத்தில் சரிவு வெட்டிய போல்ட்டாக இருந்தால் பரவாயில்லை, செங்குத்தாக இருந்தால் அந்தச் சின்னப் பின்தான் அடி வாங்கும். அவருடைய பின் நடுவில் லேசாக வளைந்திருந்தது. இன்னும் நூறு ரவுண்டு போயிருக்கலாம், இரண்டாயிரம் போயிருக்கலாம், ஆனால் உடைவது போட்டி நடுவில்தான் உடையும்.

அதே குடும்பத்தில் இன்னொரு நோய், கடைசித் தோட்டா முடிந்ததும் போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் கேட்ச் உடைவது. போல்ட் தேவைக்கு மேல் பின்னால் போனால், திரும்பி வரும்போது வேகமெடுத்து அந்தக் கேட்ச்சில் மோதும். நீளமான பஃபரோ, பஃபர் குழாய்க்குள் இடத்தை நிரப்பும் ஒரு ஸ்பேசரோ போட்டால் தீர்ந்தது. சிலர் ஸ்பேசருக்குப் பதிலாக 25 சென்ட் நாணயங்களை அடுக்கிவைத்துக் கொண்டுவருவார்கள். சிரிக்காதீர்கள், அளவு பார்த்து அடுக்கினால் உண்மையிலேயே வேலை செய்கிறது. ஒரு தடவை ஒருவருக்கு அந்தக் காசை எண்ணி பில்லில் கழித்துக்கொண்டேன்.

எல்லாக் கார்பைனும் இப்படி இல்லை. ரூகர் பிசி கார்பைனில் போல்ட்டுக்குள்ளேயே டங்ஸ்டன் எடை நகர்ந்து அதிர்வைக் குறைக்கிறது. சிக் எம்பிஎக்ஸ் வாயு பிஸ்டனில் பூட்டித் திறக்கிறது, அங்கே பராமரிப்பு முறையே வேறு. எம்பி5 சப்மெஷின் துப்பாக்கி வழிவந்த ரோலர் வகை (இரண்டு உருளைகள் போல்ட் திறப்பதைத் தாமதிக்கும்) வைத்திருப்பவர்கள் போல்ட் தலைக்கும் அதைத் தாங்கும் கேரியருக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள், 0.25 முதல் 0.50 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். குறைந்துகொண்டே வந்தால் தேய்மானம் என்று அர்த்தம். பெரிய அளவு ரோலர் போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் பாதி பேருக்கு முதலில் தேவைப்படுவது புது ரோலரா, புது லாக்கிங் பீஸா (ரோலர்களைத் தள்ளி நிறுத்தும் ஆப்பு) என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இனி ஒரு வேண்டுகோள். துப்பாக்கியை மட்டும் கொண்டுவராதீர்கள், மேகசீன்களையும் கொண்டுவாருங்கள், எந்தத் தோட்டா சுடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தோட்டா ஏறவில்லை என்று வருகிற புகார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது மேகசீனைத்தான். விளிம்பு விரிந்திருக்கும், இல்லை ஸ்பிரிங் செத்திருக்கும். பெயின்ட் பேனாவால் ஒவ்வொன்றிலும் எண் எழுதிவையுங்கள், சிக்கல் எப்போதும் 3ம் எண்ணில் மட்டும் வந்தால் எனக்கு வேலையும் மிச்சம் உங்களுக்குக் காசும் மிச்சம். பைக்கில் தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் போடுவார்களா? அதே மாதிரிதான், செத்த மேகசீனை வைத்துக்கொண்டு துப்பாக்கியில் எதை மாற்றினாலும் பயன் இல்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். காலிக் கூடுகளைப் பொறுக்கிப் பாருங்கள். அடிப்பக்கம் புடைத்தோ கிழிந்தோ இருந்தால் அன்றோடு நிறுத்துங்கள். போல்ட் முழுசாக மூடும் முன்பே வெடிக்கிறது என்பதன் அடையாளம் அது. அழுக்கு சேம்பர், முன்னே நீட்டிக்கொண்டு சிக்கிய ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி), வீட்டில் தயாரித்த தோட்டாவில் சரியாக அழுந்தாத ப்ரைமர் (அடியில் இருக்கும் தீமூட்டி), எதுவாகவும் இருக்கலாம். இதைப் பார்த்துச் சொல்ல நாங்கள் காசு வாங்குவதில்லை.

பில் விஷயத்தில் எங்கள் பக்கமும் தவறு உண்டு, கேட்காமல் மாற்றியிருக்கக் கூடாது. இனிமேல் மாற்றும் முன் போன் செய்வோம், கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தருவோம். அப்புறம், துப்பாக்கியைக் கொடுத்தவரே வாங்க வாருங்கள். இரவு தங்கினால் அது எங்கள் பதிவேட்டில் ஏறுகிறது, கொடுத்தவரிடமே திருப்பித் தருவதற்கு 4473 படிவம் (கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் மத்திய அரசுப் படிவம்) தேவையில்லை. மச்சானை அனுப்பினால் அவர் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். காபி தருகிறோம், அது இலவசம்.