பெற்றோரை முதல் மாதமே அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கும் நேரம் இது. பெரும்பாலான கல்லூரிகளில் பெற்றோருக்கு அழைப்பு வருவது, பிள்ளையின் வருகைப்பதிவு குறைந்த பிறகு, அல்லது நாலைந்து அரியர் (தேறாத பாடங்கள்) சேர்ந்த பிறகு. அரங்கில் முதல்வர் பேசுவார். தேர்ச்சி விழுக்காடும் பிளேஸ்மென்ட் கணக்கும் திரையில் ஓடும். டீ கொடுப்பார்கள். பிறகு வகுப்பு ஆலோசகரின் மேசை முன் வரிசையில் நின்று மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைக்குத் திட்டு அங்கேயே, ஆசிரியர் முன்னிலையிலேயே விழும். அடுத்த கூட்டத்துக்கான அழைப்பை அந்தப் பிள்ளை வீட்டில் சொல்லவே மாட்டான்.

முதல் கூட்டம் வகுப்பு தொடங்கிய மூன்றாவது வாரத்தில் நடக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. அப்போது மதிப்பெண் எதுவும் வந்திருக்காது, யாரையும் குறை சொல்ல வழியில்லை. வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு, கல்லூரி எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லித்தர உறவிலும் ஆள் இருப்பதில்லை. அவர்களுக்குத்தான் இந்தக் கூட்டம் முதலில் தேவை.

வருகைப்பதிவை எடுத்துக்கொள்வோம். அண்ணா பல்கலைக்கழக இணைவுக் கல்லூரிகளில் 2021 ஒழுங்குமுறைப்படி (பல்கலைக்கழகம் அந்த ஆண்டு கொண்டுவந்த படிப்பு, தேர்வு விதிகளின்படி) படிப்பவர்களுக்கு, ஒரு செமஸ்டரின் எல்லாப் பாடவேளைகளையும் சேர்த்து 75 விழுக்காடு வருகை வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் நின்றால், மருத்துவக் காரணமோ, விளையாட்டு போன்ற அனுமதிக்கப்பட்ட பங்கேற்போ சான்றுடன் இருந்தால்தான் கண்டனேஷன், அதாவது குறைந்த வருகைக்கு விலக்கு, கிடைக்கும். 65-க்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது. அதே செமஸ்டரை அடுத்த ஆண்டு மறுபடி படிக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளிலும் புதிய ஒழுங்குமுறையில் சேர்ந்தவர்களுக்கும் விதி மாறலாம் என்பதால், தங்கள் பிள்ளைக்கு எந்த விதி என்று முதல் கூட்டத்திலேயே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

இதை நாள் கணக்கில் சொன்னால்தான் மனதில் நிற்கும். ஒரு செமஸ்டரில் 80 வேலை நாள் என்றால், 20 நாள் வரைதான் விடலாம். 28 நாளைத் தாண்டினால் கதை முடிந்தது. இந்த 20 நாளில் பாதியைப் பெற்றோராகிய நாமே தின்றுவிடுகிறோம் என்பதை யாரும் சொல்வதில்லை. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மூன்று நாள். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு, பயணத்தோடு சேர்த்து மூன்று நாள். தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு நாள். காய்ச்சல் ஒரு வாரம் வந்தால் மிச்சமும் போச்சு. மருத்துவச் சான்றைக் கல்லூரிக்குத் திரும்பிய அன்றே கொடுத்துவிட வேண்டும். செமஸ்டர் முடிவில், பற்றாக்குறைப் பட்டியல் ஒட்டிய பிறகு கொண்டுபோனால் எந்தத் துறைத் தலைவரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். கல்யாணத்துக்குப் பிள்ளை வரவில்லை என்று உறவினர் மனத்தாங்கல் பட்டால், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் பெற்றோர்.

வராத நாளுக்கு வீட்டுக்கு எஸ்.எம்.எஸ். போகும் ஏற்பாடு பல கல்லூரிகளில் இருக்கிறது. ஆனால் அட்மிஷன் படிவத்தில் அப்பா எண் என்று எழுதியிருப்பது சில சமயம் நண்பனின் எண்ணாக இருக்கும், அல்லது பிள்ளையின் இரண்டாவது சிம். கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அங்கேயே ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, கையில் இருக்கும் போனில் வந்ததா என்று பார்த்துவிட்டால் இந்தச் சிக்கல் அன்றே தீர்ந்துவிடும். அப்பா எண்ணோடு அம்மா எண்ணும் பதிவில் இருக்க வேண்டும். லாரியில் போகும் அப்பாவை இரண்டு நாள் பிடிக்க முடியாது.

அடுத்தது பணம். உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டால் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கு இப்போது நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது, அதுவும் ஆதாரோடு இணைத்த கணக்குக்கு. பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய கணக்குக்கு, 18 வயது முடிந்ததும் புதிய கையெழுத்தும் கே.ஒய்.சி. என்ற அடையாள, முகவரிச் சான்றும் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். நடுவில் வேறு வங்கியில் கணக்குத் தொடங்கி ஆதாரைக் கொடுத்திருந்தால் பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும், வீட்டில் யாருக்கும் தெரியாது. மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்கும் வசதி இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. முதல் கூட்டத்தன்று கல்லூரியின் கணினி ஆய்வகத்தைத் திறந்து வைத்து, மூத்த மாணவர் நாலு பேரை உட்கார வைத்தால், வந்த எல்லோருக்கும் பார்த்துக் கொடுத்துவிடலாம்.

பெயரில் இனிஷியல் தொல்லை தனி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, வங்கிப் புத்தகத்தில் முன்னெழுத்தே இல்லை. மூன்றும் மூன்று விதமாக இருந்தால் விண்ணப்பம் எங்காவது நின்றுவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே மற்ற இரண்டையும் மாற்றுவதுதான் சுலபம். வருமானச் சான்று கடந்த ஆண்டு வாங்கியதாக இருந்தால், புதுப்பிக்கும் தேதி வரும் வரை காத்திராமல் முன்பே இ-சேவை மையத்தில் கொடுத்துவிட வேண்டும். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான், அதுவும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டு அதை எதிர்பார்ப்பதில் பயனில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மகனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது தகுதி உடையவர்கள். தாங்களும் தகுதி உடையவர்கள் என்று தெரியாமலே சிலர் விட்டுவிடுகிறார்கள்.

இதையெல்லாம் ஒரே கூட்டத்தில் சொல்லி முடிக்க முடியாது. துறைதோறும், ஒவ்வொரு ஆண்டு வகுப்புக்கும் ஒரு பெற்றோர் குழு வேண்டும். 60 பேர் உள்ள வகுப்புக்கு ஆறு பெற்றோர் போதும். அதில் மூன்று பேராவது அம்மாக்களாக இருக்கட்டும். இருவர் ஹாஸ்டல் பிள்ளைகளின் பெற்றோர், ஒருவர் காலேஜ் பஸ்ஸில் வரும் பிள்ளையின் பெற்றோர் என்று பார்த்து எடுக்க வேண்டும். பேச்சுத் திறமை உள்ளவர், வசதி உள்ளவர் என்று தேடினால் குழு சீக்கிரமே நிர்வாகத்துக்கு மாலை போடும் குழுவாகிவிடும். கூட்டம் ஞாயிறு காலையில் நடக்கட்டும். வேலை நாளில் கூப்பிட்டால் தறி ஓட்டுகிறவருக்கும் கொத்தனாருக்கும் ஒரு நாள் கூலி போகும், அதனாலேயே வரமாட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு என்று கட்டணம் வாங்கும் கல்லூரி, அதன் வரவு செலவை ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழு இல்லாமல் இப்போது எதுவும் நடக்காது. ஆனால் அட்மின் மட்டும் பதிவிடும் வகையில் வைத்தால்தான் அது உருப்படும். எல்லோரும் எழுதலாம் என்று விட்டால் ஒரே வாரத்தில் காலை வணக்கமும் கட்சிப் பதிவுகளும் நிரம்பி, தேர்வுக் கட்டணக் கடைசித் தேதி அடியில் போய்விடும். மதிப்பெண் பட்டியலை அங்கே போடவே கூடாது. ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை ஐம்பத்தொன்பது வீட்டுக்குக் காட்ட யாருக்கும் உரிமை இல்லை. மாணவிகளின் எண்களும் படங்களும் அதில் வரக்கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெற்றோர் குழு உளவு பார்க்கும் குழுவாக மாறக் கூடாது. யார் யாரோடு கேன்டீனில் உட்கார்ந்தார்கள், எந்தப் பெண் என்ன உடை போட்டாள் என்ற பேச்சு ஒருமுறை அங்கே நுழைந்துவிட்டால், அதன் விலையைக் கொடுப்பவர்கள் பெண் பிள்ளைகள்தான். படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசும் அளவுக்கு அது போகும். படிப்பவர்களில் பெரும்பாலோர் 18 வயது ஆனவர்கள். நீண்ட நாள் வராமை, மருத்துவமனைச் சேர்க்கை, ஒழுங்கு நடவடிக்கை ஆகிய மூன்றை மட்டும் கல்லூரி பெற்றோருக்குத் தானாகத் தெரிவிக்கும், மற்றதைப் பெற்றோர் பிள்ளையிடமே கேட்டுக்கொள்வார்கள் என்று முதல் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளலாம். அந்தப் பேச்சில் மாணவரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பிள்ளை தவிக்கிறான் என்பது மதிப்பெண் தாளுக்கு முன்பே தெரியும். தேர்வுக் கட்டணம் கேட்காத பிள்ளையைக் கவனியுங்கள். எல்லோரும் பணம் கட்டும் வாரத்தில் உங்கள் பிள்ளை மட்டும் வாய் திறக்கவில்லை என்றால், தேர்வு எழுத முடியாத நிலையை வீட்டில் சொல்லத் துணிவில்லாமல் இருக்கலாம். ஞாயிறு இரவானால் வயிற்றுவலி என்பதும், போனில் பேச்சு ஒற்றைச் சொல்லாகச் சுருங்குவதும் அப்படித்தான். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் செமஸ்டர் மிகவும் கடினம். ஒரு தாள் போனால் உலகம் முடியாது. 2021 ஒழுங்குமுறையில் தியரி பாடங்களுக்கு, கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் மதிப்பெண் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 50 விழுக்காடும், செமஸ்டர் தேர்வில் மட்டும் 45 விழுக்காடும் வேண்டும். எதில் குறைந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு விடைத்தாள் நகல் வாங்கி, பாட ஆசிரியரிடம் காட்டி, மதிப்பெண் கூடும் என்று அவர் சொன்னால் மட்டும் ரிவேல்யூவேஷனுக்கு (மறுமதிப்பீட்டுக்கு) பணம் கட்டலாம். கடைசித் தேதி சில நாளிலேயே முடிந்துவிடும், திட்டித் தீர்ப்பதற்குள் அது போய்விடும். மனம் மிகவும் உடைந்திருந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண் பிள்ளையிடமும் இருக்க வேண்டும், பெற்றோரிடமும் இருக்க வேண்டும்.

நாமக்கல், ஈரோடு பக்கத்துக் கல்லூரிகளுக்கு ராமநாதபுரத்திலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். இரவு பத்து மணிக்கு ஒரு மாணவியை மருத்துவமனையில் சேர்த்தால், அம்மா வந்து சேர விடிந்துவிடும். அதுவரை வார்டன் ஒருவரே எல்லாவற்றையும் பார்க்க முடியாது. கல்லூரியிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் பெற்றோரில் ஐந்தாறு குடும்பங்கள் இதற்கென்று பெயர் கொடுத்தால் போதும். மாணவிகளுக்குக் கட்டாயம் ஒரு பெண் போக வேண்டும். கல்லூரி அவர்களுக்கு அடையாள அட்டை கொடுக்க வேண்டும், வெளியூர்ப் பெற்றோரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கி வைக்க வேண்டும். ரேஷன் அட்டை நகலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை நகலும் ஒவ்வொரு பிள்ளையின் பெட்டியிலும் இருக்கட்டும். ரேஷன் அட்டையில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள்.

ஹாஸ்டல் மெஸ்ஸைப் பார்க்கப் போகிறவர்கள் சொல்லாமல் போக வேண்டும், பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் அதே வரிசையில் நின்று சாப்பிட வேண்டும். தண்ணீர்த் தொட்டி எப்போது கழுவியது, குடிநீர் இயந்திரத்துக்கு எப்போது சர்வீஸ் செய்தது என்று தேதியைக் கேட்க வேண்டும். மாதச் செலவைச் சாப்பிட்டவர்களுக்குப் பிரித்துப் போடும் டிவைடிங் சிஸ்டம் என்றால், மொத்தச் செலவும் எத்தனை பேருக்கு எத்தனை நாள் என்ற கணக்கும் மாதந்தோறும் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும்.

பெற்றோருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் நிர்வாகங்களுக்கு ஒன்று சொல்கிறோம். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு ஒழுங்குமுறை, ஒவ்வொரு கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவிலும் மாவட்ட நிர்வாகம், காவல்துறை, ஆசிரியர், மாணவர் ஆகியோருடன் பெற்றோர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்கிறது. முதலாண்டு முடிக்கும் மாணவரின் பெற்றோருக்கு, அடுத்த ஆண்டு உங்கள் பிள்ளை ஜூனியர்களைத் துன்புறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரித் தலைவர் கடிதம் எழுத வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆண்டுதோறும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடும் பெற்றோரில் எத்தனை பேருக்கு அந்தக் கடிதம் வந்திருக்கிறது? தங்கள் பிரதிநிதி யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரியாதவர்கள் இந்த மாதமே முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதலாம்: ராகிங் தடுப்புக் குழு உறுப்பினர்களின் பெயர்களைத் தகவல் பலகையில் ஒட்டுங்கள், பெற்றோர் இடம் காலியாக இருந்தால் துறைக் குழுக்களிலிருந்து ஒருவரைச் சேருங்கள் என்று. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கிடையில் அவசரம் என்றால் ராகிங் தடுப்பு இலவச எண் 1800-180-5522, 24 மணி நேரமும் இயங்குகிறது.

இப்படிக்கு,
பொறியியல் கல்லூரி மாணவர்களின் பெற்றோர் குழு ஒருங்கிணைப்பாளர்கள்,
நாமக்கல் மாவட்டம்.