குருத்தோலை ஞாயிறுக்குள் ₹3,93,400: வீட்டோடு கிடக்கும் நோயாளிகளுக்கான ஊழியத்திற்கு நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் அன்பான சேகர (பல சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவின்) மக்களுக்கும், பிழைப்புக்காக வெளியூர்களில் குடியேறிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும், சேகரத்தின் தொண்டுக் குழுவினர் கர்த்தருடைய நாமத்தில் எழுதிக்கொள்வது.

படுக்கையை விட்டு எழ முடியாத 38 பேரை வீடு தேடிச் சென்று கவனித்துவரும் நம் ஊழியத்தின் கையிருப்பு தீர்ந்துவிட்டது. மருந்துக்கடையில் ₹1,12,000 பாக்கி நிற்கிறது. இத்தனை மாதமும் முகம் சுளிக்காமல் கடனுக்குக் கொடுத்துவந்த கடைக்காரர், மார்ச் 31-க்குள் பழைய கணக்கு தீராவிட்டால் ஏப்ரல் முதல் ரொக்கத்திற்கு மட்டுமே சரக்குத் தர இயலும் என்று பணிவாகச் சொல்லிவிட்டார். அவர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. அவரும் மொத்த வியாபாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவரே. ஆகவே 2026 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு ஆராதனைக்கு முன்பாகத் தலைப்பில் குறித்த தொகையைச் சேர்த்தாக வேண்டிய கட்டாயத்தில் இதை எழுதுகிறோம்.

இந்த ஊழியம் திட்டமிட்டுத் தொடங்கப்பட்டதன்று. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில், வெளியே வர முடியாத முதியோருக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்க நம் வாலிபர் ஐக்கியத்தார் வீடு வீடாகப் போனார்கள். ஞாயிறுதோறும் ஆலயத்தில் காணாதவர்களை வெளியூரில் பிள்ளைகளோடு இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, அவர்களில் பலர் நம் தெருக்களிலேயே, பின்கட்டு அறைகளில், கயிற்றுக் கட்டிலில் கிடந்தது அப்போதுதான் தெரியவந்தது. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்த பாட்டிமார், பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர்கள் என்று அந்தப் பட்டியல் வளர்ந்தது. மாத்திரை வாங்கிக் கொடுக்கப் போனவர்கள் புண்ணுக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொண்டார்கள்.

பனையேறிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டி இன்று புவிசார் குறியீடு பெற்று ஊர் ஊராகப் பெயரோடு விற்கிறது; அதற்குப் பதநீர் இறக்கியவர்களில் கால்தவறி விழுந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நம் பட்டியலில் அப்படிப்பட்டவர்கள் ஒன்பது பேர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்குத் தம் உடம்பில் புண் வருவதே தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால், வாலெலும்பிலும் குதிகாலிலும் முதலில் தோல் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு குழிவிழும். அண்மையில் நம் செவிலியர் சென்று பார்த்த ஒரு வீட்டில், அந்தக் குழிக்குள் பஞ்சுச் சுருள் முழுதாக மறைந்துபோகும் அளவுக்குப் புண் ஆழமாயிருந்தது. அவருடைய மனைவி காலையில் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வருகிறவர். அவரைக் குறைசொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? உப்புநீரால் கழுவி, செத்த தசையை நீக்கி, நாள்தோறும் கட்டுமாற்றி, காற்று மெத்தையும் போட்ட பிறகு அந்தப் புண் மெல்ல ஆறிவருகிறது. இப்போதோ பதநீர்ப் பருவம் தொடங்குகிறது. இந்தப் பருவத்தில் யாரும் விழக்கூடாது என்று ஜெபிக்கிறோம். ஆனால் விழுந்தால் எடுத்துப் போக நம்மிடம் ஒரு கட்டுத்துணிகூட மிச்சமிராது.

நம் பெரியவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சரித்திரத்தை இங்கே நினைவூட்டுவது எங்கள் கடமை. இந்தச் செம்மணல் தேரிக்காட்டில் திருச்சபை வேரூன்றியதே, கஷ்டப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்ததால்தான். விசுவாசத்துக்காக விரட்டப்பட்டவர்களுக்குத் தங்க ஓர் இடம் வேண்டும் என்று 1799-இல் தாவீது சுந்தரானந்தம் முதலூரை உருவாக்கினார். அடைக்கலமாகத் தொடங்கிய ஊர் அது. 1876 முதல் 1878 வரை தென்னகத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தின்போது, இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் இலக்கணம் ஆராய்ந்த கையாலேயே பஞ்ச நிவாரணத்தையும் நடத்தினார். அதே பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த மர்காசிஸ் ஐயர், அவர்கள் கைத்தொழில் கற்றுப் பிழைக்கவேண்டும் என்று நாசரேத்தில் 1878-இல் தொழிற்பள்ளியைத் தொடங்கினார். மெய்ஞ்ஞானபுரம் ஆலயத்தின் 192 அடிக் கோபுரத்தை நாம் விருந்தாளிகளுக்கு அண்ணாந்து காட்டுகிறோம். அதைக் கட்டிய ஜான் தாமஸ் ஐயர் செம்மணல் காட்டில் கிணறு வெட்டியதையும் மரம் நட்டதையும் அதே பெருமையோடு சொல்ல வேண்டாமா?

இவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு மிஷனெரிமார், அவர்களுக்குப் பின்னால் சங்கங்களும் பணமும் இருந்தன என்று சிலர் சொல்லக்கூடும். சரி, நம் பாட்டிமாரின் பிடியரிசிக்குப் பின்னால் எந்தச் சங்கம் இருந்தது? உலையில் போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைத்தவர்கள், பலநேரம் தங்களுக்கே வயிறு நிறையாதவர்கள். நம் ஊர்களில் எத்தனையோ உபதேசிமார் அந்த அரிசியை உண்டுதான் ஊழியம் செய்தார்கள்.

இனி கணக்கு. செவிலியரின் மதிப்பூதியம் மாதம் ₹14,000. அவரையும் தொண்டர்களையும் ஏற்றிச்செல்லும் ஆட்டோவுக்கு ₹9,000. 14 பேருக்கு நாளொன்றுக்கு இரண்டு வீதம் பெரியவர்களுக்கான டயப்பர், ஒன்று ₹30 விலையில், ₹25,200. சிறுநீர்க் குழாய், பை, கட்டுத்துணி, களிம்பு வகைகளுக்கு ₹6,800. சம்பாதிக்க ஆளே இல்லாத 11 வீடுகளுக்கு மளிகை ₹13,200. ஆக மாதச் செலவு ₹68,200. மாதச் சந்தாவிலும் பிடியரிசி ஏலத்திலும் வருவது ₹37,000. சபை மன்றம் தருவது ₹10,000. மாதந்தோறும் துண்டு விழுவது ₹21,200. வரும் ஓராண்டுக்கு அது ₹2,54,400. அதோடு கடைப் பாக்கி ₹1,12,000. மோட்டார் பொருத்திய காற்று மெத்தை ஆறு வாங்க ₹27,000. தலைப்பில் சொன்ன ₹3,93,400 இதுதான். இதில் குழுவினரின் போக்குவரத்துக்கோ தேநீருக்கோ ஒரு பைசாவும் இல்லை.

அரசாங்கம் கொடுக்கிறதே என்று கேட்கிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கொடுக்கிறது, அதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. முதியோர் உதவித்தொகை 2023 முதல் ₹1,200 ஆகியிருக்கிறது. ஆனால் டயப்பர் மட்டுமே ஒருவருக்கு மாதம் ₹1,800 ஆகும்போது அந்த ₹1,200 எந்த மூலைக்கு?

இதுவரை தாங்கியவர்களை இங்கே நினைவுகூராவிட்டால் நன்றிகெட்டவர்களாவோம். பெயர் வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்க்கிறோம். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் முதல் பங்கை எடுத்து மூன்று மெத்தைகள் வாங்கித் தந்த டீச்சரம்மாவை மறக்க முடியாது. கிறிஸ்துமஸ் கீத பவனிக் காணிக்கை முழுவதையும், கிரிக்கெட் மட்டை வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, அப்படியே கொண்டுவந்து மேசைமேல் வைத்த வாலிபர்களை மறக்க முடியாது. சென்னையில் பலசரக்குக் கடை நடத்தும் நம் ஊர்க்காரர் ஒருவர், மாதந்தோறும் ஐந்தாம் தேதி தவறாமல் அனுப்பும் இரண்டாயிரம் ரூபாய், பல மாதங்களில் எங்கள் மானத்தைக் காத்தது. முத்தாரம்மன் கோவிலுக்கு மாலை போடுகிற ஆட்டோக்காரத் தம்பி, மற்றவர்களிடம் வாங்குவதில் பாதியைத்தான் நம்மிடம் வாங்குகிறார். மழைக்காலத்தில் அதையும் வாங்க மறுத்ததுண்டு. ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் மண் உண்டியலை உடைத்துக் கொடுத்த சில்லறையை எண்ணி முடிக்க ஒரு மாலை போதவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பிடியரிசியை ஒரு மாதமும் நிறுத்தியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்தப் பெருமழையில், முழங்காலுக்கு மேல் ஓடிய தண்ணீரில் ஒரு நோயாளியைக் கட்டிலோடு தலைமேல் தூக்கி ஆலயத்துக்குக் கொண்டுவந்த நான்கு பேரில் இருவர் நம் சபையாரே அல்லர். அன்றைக்கு அந்தக் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்திருந்தவர் பக்கத்துத் தெரு முஸ்லிம் சகோதரர்.

இவ்வளவு சொன்ன பிறகு, மனம் நோகாமல் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். சென்ற அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு கட்டு முருங்கைக்காய் ₹11,000-க்குப் போனது. இரு குடும்பங்கள் விட்டுக்கொடுக்காமல் கேட்டன, எல்லாரும் கைதட்டினோம், நாங்களும் தட்டினோம். அசனத்துக்கு (சபை விருந்துக்கு) ஆடு வாங்க வரி எழுதியபோது ஒரே வாரத்தில் தொகை சேர்ந்து மிச்சமும் விழுந்தது. இந்த ஊழியத்துக்கு 214 வீடுகளுக்குச் சந்தா அட்டை கொடுத்தோம். எழுதித் திரும்பி வந்தவை 79. மீதி 135 அட்டைகள் வேதப்புத்தகத்தின் நடுவிலோ சுவர்க் காலண்டருக்குப் பின்னாலோதான் இருக்க வேண்டும். எருசலேமின் ஏழைகளுக்கென்று கொரிந்து சபையார் ஒப்புக்கொண்ட காணிக்கை ஓராண்டு இழுத்தபோது, தரித்திரத்திலும் வாரிக்கொடுத்த மக்கெதோனியரை எடுத்துக்காட்டிப் பவுல் அவர்களுக்கு எழுதினார். அப்போஸ்தலரே அப்படி எழுதியிருக்க, நாங்கள் எழுதுவதைத் தவறாக எண்ணமாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

பட்டியலில் பாதிக்குமேல் நம் சபையார் இல்லையே, நம் பணத்தை ஏன் வெளியாருக்குச் செலவிட வேண்டும் என்று சபைக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. எழுப்பியவர் நல்ல விசுவாசி. அவர் சந்தாவும் பாக்கியில்லை. ஆயினும் குழுவின் முடிவு மாறவில்லை. குற்றுயிராகக் கிடந்தவனின் ஊரையும் ஜாதியையும் கேட்காமல் காயம் கட்டிய சமாரியனைப் பற்றிப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த வீடுகளுக்குப் போகும்போது தொண்டர்கள் துண்டுப் பிரசுரம் கொண்டுபோவதில்லை. வீட்டார் கேட்டால் மட்டுமே ஜெபிக்கிறார்கள்.

குருத்தோலை ஞாயிறுக்குள் தொகை சேராவிட்டால் என்ன செய்வது என்பதையும் குழு பேசி முடிவெடுத்திருக்கிறது. டயப்பர் 14 பேருக்குப் பதிலாக ஏழு பேருக்கு மட்டும் வழங்கப்படும், மளிகை நிறுத்தப்படும், செவிலியர் வாரத்தில் மூன்று நாள் மட்டும் வருவார். அந்த ஏழு பேர் யார் என்று பட்டியல் எழுத எங்களில் ஒருவரும் முன்வரவில்லை.

கொடுக்கும் முறை இதுதான். லெந்து எனும் தவக்கால நாட்களில் ஒரு வேளை உபவாசமிருப்பவர்கள் அந்த வேளைக்கான பணத்தை உறையிலிட்டுத் தரலாம். ஒருவரின் ஒரு மாத டயப்பருக்கு ₹1,800, ஒரு வீட்டின் ஒரு மாத மளிகைக்கு ₹1,200, ஒரு மெத்தைக்கு ₹4,500 என்று பொறுப்பேற்கிறவர்கள் அட்டையில் அப்படியே எழுதலாம். மரித்தவர்களின் நினைவாகவும் பிறந்தநாள், திருமண நாள் ஸ்தோத்திரமாகவும் தரலாம். ஜிபேயில் அனுப்ப விரும்புவோருக்கான கியூஆர் படம் ஆலய வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. அனுப்பியபின் பொருளாளரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள். வருமான வரி விலக்குக்கான 80ஜி வசதி இந்த நிதிக்கு இல்லை. வளைகுடாவிலும் பிற நாடுகளிலும் இருக்கும் பிள்ளைகளில் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களும், ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும், ஆசையிருந்தாலும் அனுப்ப வேண்டாம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அது அயல்நாட்டுப் பணமாகும், அதைப் பெறும் அனுமதி இந்த நிதிக்கு இல்லை.

பணமாகத் தர இயலாதவர்கள் வாரத்தில் ஒரு பிற்பகல் தரலாம். குறிப்பாக ஆண் நோயாளிகளைக் குளிப்பாட்ட ஆண் தொண்டர்கள் மிகவும் குறைவாக இருக்கிறார்கள். வேலையை ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடுவோம். பயன்படுத்தாமல் கிடக்கும் சக்கர நாற்காலி, நடைவண்டி, பிரிக்காத டயப்பர்க் கட்டு எதுவானாலும் வந்து எடுத்துக்கொள்கிறோம்.

ஞாயிறு ஆராதனைக்குப்பின் ஆலயத்தின் தெற்கு வாசலில் குழுவின் மேசை போடப்பட்டிருக்கும். வீட்டில் வைத்திருக்கும் அட்டையைத் தொகை எழுதாமலானாலும் திருப்பித் தந்துவிடுங்கள். இல்லையென்றால் புதிதாக அச்சடிக்க வேண்டியிருக்கிறது. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளரின் கையொப்பத்தோடு ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
கர்த்தருடைய பணியில்,
சேகரத் தொண்டுக் குழுவினர்