மண்டியிட்ட அந்தக் காட்சி படத்திலேயே இருந்திருக்க வேண்டும்

இயக்குநர்கள் ஆண்டனி ரூசோ, ஜோ ரூசோ அவர்களுக்கும், படத்தொகுப்பாளர்கள் ஜெஃப்ரி ஃபோர்ட், மேத்யூ ஷ்மிட் அவர்களுக்கும்,

வணக்கம். பாம்பன் தெற்குவாடியில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறவன் எழுதுகிறேன். உங்கள் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்திலிருந்து எடுத்துவிட்ட ஒரு காட்சியைப் பற்றி. டோனி ஸ்டார்க் என்கிற அயர்ன் மேன் இறந்ததும், அவனோடு சண்டையில் நின்றவர்கள் மண்டியிடும் காட்சி அது. படம் வந்து இத்தனை வருஷம் கழித்து எதற்கு இது என்று கேட்பீர்கள். டோனியாக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியரை வைத்து நீங்கள் மறுபடி ஒரு அவெஞ்சர்ஸ் படம் எடுக்கப்போகிறீர்கள் என்று 2024 ஜூலையில் அறிவிப்பு வந்ததிலிருந்து எங்கள் பட்டறையில் பழைய பேச்சு திரும்ப ஆரம்பித்துவிட்டது. எங்களுக்குள் பேசிப் பேசி ஆறவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

படம் இங்கே வந்தது 2019 ஏப்ரல் 26. எங்கள் கரையில் அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. கடலுக்குப் போகிறவர்களுக்கு வேலை இல்லாத காலம், எங்களைப் போன்ற மெக்கானிக்குகளுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம். ஊரில் உள்ள எஞ்சின் எல்லாம் அப்போதுதான் கழற்றிக் கிடக்கும். அப்படியும் ஒரு நாள் மத்தியானமே கையைக் கழுவிவிட்டு, ஒரு வேன் பிடித்து, பாலம் ஏறி, மண்டபம், உச்சிப்புளி தாண்டி ராமநாதபுரம் போய்ப் பார்த்தோம். பத்துப் பதினைந்து பேர். தமிழில் டோனி ஸ்டார்க்குக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்திருந்தார். பொருந்துகிறதா இல்லையா என்று போகும்போது வேனுக்குள் பெரிய சண்டை. திரும்பும்போது அதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. பாம்பன் பாலத்தில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

எங்களுக்கு டோனி ஸ்டார்க் என்றால் முதலில் அவன் ஒரு மெக்கானிக். மூன்றாவது அயர்ன் மேன் படத்தில் அந்தச் சின்னப் பையனிடம் அவனே அப்படித்தான் சொல்லிக்கொள்வான். குகைக்குள் கிடைத்த இரும்பை அடித்து அடித்துக் கவசம் செய்தவன். எண்ட்கேம் முடிந்து பெயர்கள் எல்லாம் ஓடிய பிறகு, 2008-இல் வந்த முதல் படத்தின் அந்தச் சுத்தியல் சத்தம் வருமே, டங் டங் என்று, அதற்காக நாங்கள் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. நாள் முழுக்க எங்கள் காதில் விழுகிற சத்தம் அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஜூலையில் நீங்கள் நீக்கிய காட்சிகளில் ஒன்று வெளியே வந்தது. டோனி இறந்துவிட்டான். நெஞ்சில் இருந்த வெளிச்சம் அணைந்துவிட்டது. மனைவி பெப்பர் அவன் பக்கத்தில் இருக்கிறாள். கொஞ்சம் தள்ளி, புழுதியும் ரத்தமுமாக மற்றவர்கள் நிற்கிறார்கள். என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் வில்வீரன் கிளின்ட் பார்ட்டன் மண்டியிடுகிறான். ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை. அவனைப் பார்த்து ராஜா டி’சல்லா. பிறகு ஒவ்வொருவராக, அந்தக் களம் முழுக்க. வசனமே கிடையாது. ஓரிரண்டு நிமிஷம்தான்.

அதை என் போனில் பார்த்தபோது கையில் கிரீஸ். திரையைத் தொட்டு நிறுத்தக்கூட முடியாமல் அப்படியே மூன்று தடவை ஓடவிட்டேன்.

ஏன் வெட்டினீர்கள் என்பதற்கு ஃபோர்ட் அவர்கள் பேட்டியில் காரணம் சொல்லியிருக்கிறார். காட்சி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பின்னால் ஏரிக்கரையில் இறுதிச்சடங்கு வருகிறது, இரண்டும் ஒரே உணர்ச்சியைத்தான் தொடுகின்றன, ஒன்று போதும், இறுதிச்சடங்கே வலுவானது என்று. உங்கள் தொழிலை உங்களுக்குச் சொல்லித்தர நான் வரவில்லை. எல்லோரையும் காப்பாற்ற டோனி தன் உயிரைக் கொடுத்து விரலைச் சொடுக்கும் முன் “நான்தான் அயர்ன் மேன்” என்று சொல்கிறானே, அந்த வரியே எடிட்டிங் அறையில் நீங்கள் கொடுத்த யோசனைதான் என்றும், அதற்காகவே பிறகு டௌனியை வரவழைத்து எடுத்தார்கள் என்றும் படித்திருக்கிறேன். அந்த ஒரு வரிக்காகவே உங்களை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த ஒரு காரணத்தை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இரண்டும் ஒன்று இல்லை. எங்கள் கரையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது என் சித்தப்பா கடலில் இறந்தார். புயலோ விபத்தோ இல்லை. நடுராத்திரி வலை இழுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். வழக்கமாக வருகிற நேரத்துக்கு வெகு முன்னாலேயே படகு வருவதைப் பார்த்துத்தான் கரையில் இருந்தவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. டிரைவர் எஞ்சினைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார். படகு சத்தமில்லாமல் மிதந்து வந்து நின்றது. சித்தப்பாவை வலைமேல் படுக்கவைத்து, மேலே தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அங்கிருந்து வத்தை என்கிற சின்னப் படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவந்து மணலில் கிடத்தினார்கள்.

அம்மாவும் சித்தியும் வீட்டிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன். படகில் போனவர்கள் சித்தப்பாவோடு சேர்த்து ஆறு பேர். மிச்சம் ஐந்து பேரும் வட்டமாகக்கூட நிற்கவில்லை, ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். மீனை இறக்க யாரும் போகவில்லை. ஐஸ் பெட்டி அப்படியே கிடந்தது. அவர்களில் வயசானவர் தலையில் கட்டியிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்தார். உப்புத்தண்ணீரில் ஊறி விறைத்துப்போன துண்டு. அதை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். விரலெல்லாம் செதில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து அடுத்தவர் அவிழ்த்தார். அப்புறம் டிரைவர். நாலாவது ஆளுக்குத் தலையில் துண்டு இல்லை, மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார். ஐந்தாவது ஆள் அந்தப் படகுக்கு அன்றைக்குத்தான் புதிதாக வந்தவர், வெளியூர்க்காரர். அவருக்கு அங்கே நிற்க உரிமை இருக்கிறதா என்று அவருக்கே தெரியவில்லை போல. திரும்பிக் கடலைப் பார்த்து நடந்து போய்விட்டார்.

சித்தி ஓடிவந்து மணலில் விழுந்ததும் அவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். அதன் பிறகு அந்த இடம் வீட்டாருக்கு உரியது. மறுநாள் கோயில் மணி, பூ, ஊர்ச்சனம், மாலைகள் எல்லாம் முறையாக நடந்தது. அந்த அடக்கத்தில் யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அந்தத் துண்டுகள் ஞாபகம் இருக்கின்றன.

இப்போது சொல்லுங்கள், அந்த இரண்டும் ஒன்றா? அடக்கம் என்பது குடும்பமும் ஊரும் செய்வது. அதற்குத் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வருவோம். உங்கள் ஏரிக்கரையிலும் எல்லோரும் கறுப்பு உடையில், வரிசையில், அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். பெப்பர் அந்த மலர்வளையத்தை, நடுவில் டோனியின் நெஞ்சில் இருந்த பழைய எந்திர இதயத்தோடு, தண்ணீரில் விடுகிறாள். அழகான காட்சி, ஒரு குறையும் சொல்லமாட்டேன். மூன்றாவது அயர்ன் மேன் படத்தில் வந்த அந்தச் சின்னப் பையன் வளர்ந்து வந்து பின்னால் தனியாக நிற்பதைக்கூட மறக்காமல் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அது வீட்டாரின் நேரம். கூடப் போனவர்களின் நேரம் அதற்கு முன்னால், உடம்பில் புழுதி ஒட்டியிருக்கும்போதே வந்து போய்விடும். அதை நீங்கள் வெட்டிவிட்டீர்கள். வெளிச்சம் அணைகிறது, அடுத்து டோனி பதிவு செய்து வைத்த குரல், ஒவ்வொருவராக வீடு திரும்புகிறார்கள், பிறகு ஏரிக்கரை. களத்தில் அவனோடு நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதே படத்தில் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அப்துல் கலாம் ஐயா 2015 ஜூலை 27 அன்று சாயங்காலம் ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது சாய்ந்தார். ஜூலை 30 அன்று பேய்க்கரும்பில் அடக்கம். பிரதமர் வந்தார், இந்தத் தீவு அதுவரை பார்க்காத கூட்டம் வந்தது. நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன். ஆனால் 27-ஆம் தேதி ராத்திரி டீக்கடை டிவியில் செய்தி ஓடியபோது, கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் அடுப்பை அணைத்தார். கிளாஸைக் கையில் வைத்திருந்தவர்கள் குடிக்காமல் கீழே வைத்தார்கள். முப்பதாம் தேதி அவ்வளவு பெரிய மரியாதை நடக்கப்போகிறது, அதனால் இருபத்தேழாம் தேதி ராத்திரி தேவையில்லை என்று யாராவது சொல்வார்களா?

மண்டியிடுவது எங்கள் பக்கத்துக்குப் பொருந்தாது என்று என் நண்பன் ஒருவன் வாதாடினான். தமிழில் முட்டி போடுவது என்றால் பள்ளிக்கூடத்துத் தண்டனைதான் முதலில் நினைவுக்கு வரும், தியேட்டரில் சிரித்திருப்பார்கள் என்றான். இல்லை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழந்தாளிடுகிறவர்கள். அடுத்த தெருவில் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கிறார்கள். ராமேஸ்வரத்துக்கு வருகிற யாத்திரைக்காரர்கள் அக்னி தீர்த்தக் கரையில் மணலில் உட்கார்ந்துதான் அப்பா அம்மாவுக்குத் திதி கொடுக்கிறார்கள். பெரியதற்கு முன்னால் உடம்பு தானாகக் கீழே போகும், இங்கே அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மனைவி பெப்பர், மகன் மாதிரி இருந்த பீட்டர், நண்பன் ரோடி மூன்று பேரும் அழுகிற அந்தரங்கமான நேரத்தில் கூட்டம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். இது யோசிக்க வேண்டிய கேள்விதான், நானும் யோசித்தேன். ஆனால் நீங்கள் எடுத்த காட்சியில் ஒருவரும் கிட்டே போகவில்லை. நின்ற இடத்திலேயே மண்டியிடுகிறார்கள். குடும்பத்தை விட்டுத் தள்ளி நிற்கத் தெரிந்தவர்களாகத்தான் அவர்களைக் காட்டியிருக்கிறீர்கள்.

அதிலும் கமோரா! அவள் காலம் தாண்டி 2014-இல் இருந்து வந்தவள், டோனி யாரென்றே அவளுக்குத் தெரியாது. எல்லோரும் மண்டியிடும்போது அவள் மட்டும் திரும்பி நடந்து போகிறாள். எங்கள் ஐந்தாவது ஆளைப் போல. எவ்வளவு உண்மையாக எடுத்திருந்தீர்கள்! படத்தில் சண்டை முடிந்தபின் அவள் எங்கே போனாள் என்பதே தெரியாது. கடைசியில் அவளுடைய காதலன் குயில் ஒரு திரையில் அவளைத் தேடிக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கும் பதில் நீங்கள் வெட்டிய துண்டில்தான் இருந்தது.

டி’சல்லாவாக நடித்த சாட்விக் போஸ்மேன் 2020 ஆகஸ்ட் 28 அன்று போய்விட்டார். ஒரு நாட்டின் ராஜா, கிரீடம் இல்லாத ஒருவனுக்காக மண்டியிடுவதை அவர் முகத்தோடு பெரிய திரையில் பார்க்கும் பாக்கியம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சேதுபதிகள் ஆண்ட சீமையில் இருந்து சொல்கிறேன், அந்த ஒரு ஷாட்டுக்கு இங்கே தியேட்டர் எழுந்து நின்றிருக்கும்.

நீங்கள் வெட்டியதெல்லாம் தப்பு என்று நான் சொல்லவில்லை. மகள் மார்கன் வளர்ந்தவளாக வந்து அப்பாவிடம் பேசுகிற காட்சியை வெட்டியது சரிதான். அந்த வயதில் அவளை நாங்கள் பார்த்ததே இல்லை, எப்படி ஒட்டும்? சண்டைக்கு நடுவே குழிக்குள் உட்கார்ந்து பேசிக்கொள்கிற காட்சியும் போனதில் நஷ்டமில்லை. ஆனால் 181 நிமிஷம் ஓடுகிற படத்தில் இந்த ஓரிரண்டு நிமிஷத்துக்கு இடமில்லை என்றால் நம்ப முடியவில்லை.

அதைவிட வலித்தது வேறொன்று. 2019 ஜூன் கடைசியில் படத்தை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்தீர்கள். முடிவில் சேர்ப்பதற்கு நீக்கிய காட்சி ஒன்றைத் தேடியிருக்கிறீர்கள். வேலை முழுசாக முடியாத ஹல்க் காட்சியைச் சேர்த்தீர்கள். கையில் இதை வைத்துக்கொண்டு அதைக் கொடுத்தீர்கள்.

அதனால் கேட்கிறேன். எண்ட்கேமை இனி எப்போது தியேட்டருக்குக் கொண்டுவந்தாலும், அந்தக் காட்சியை அதன் இடத்தில் வையுங்கள். பெயர்களுக்குப் பின்னால் தனித் துண்டாக ஒட்ட வேண்டாம். நெஞ்சில் வெளிச்சம் அணைந்த உடனே, டோனியின் குரல் வருவதற்கு முன்னால். இசைகூட வேண்டாம்.

தடைக்காலத்தில் வெளியிட்டால் இன்னும் நல்லது. படகில் போகிறவர்களையும் கூட்டிக்கொண்டு இரண்டு வேனாக வருகிறோம். சித்தப்பாவோடு போன அந்த டிரைவர் இன்னும் இருக்கிறார், கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். அவரை என் பக்கத்துச் சீட்டில் உட்காரவைக்க வேண்டும்.

அன்புடன்,
பாம்பன் தெற்குவாடியிலிருந்து
ஒரு படகு மெக்கானிக்