பியெரோகி சைவமா என்று கேட்ட எல்லோருக்கும்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போலந்தின் கிராக்கோவில் இந்தக் கடையைத் திறந்த நாளிலிருந்து, துவரம் பருப்பு வாங்க வருகிறவர்கள்கூடக் கேட்டுவிட்டுப் போகும் கேள்வி ஒன்று உண்டு: கொழுக்கட்டைபோல் உள்ளே பூரணம் வைத்து வேகவைத்து இங்கே கிடைக்கும் பியெரோகியைச் சைவக்காரர்கள் நம்பிச் சாப்பிடலாமா?

போன மாதம், படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவர் ஒரு சாப்பாட்டுக் கடையில் ருஸ்கியே என்ற வகைப் பியெரோகி வாங்கியிருக்கிறார். உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும்தான் என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்கினார். தட்டில் மேலே பொன்னிறமாகப் பொடிப்பொடியாக ஏதோ தூவியிருக்க, வறுத்த வெங்காயம் என்று நினைத்து ஒரு வாய் வைத்துவிட்டார். அது ஸ்க்வார்கி, பன்றிக் கொழுப்பைப் பொரித்தெடுத்த துண்டுகள். எங்களிடம் வந்து சொல்லும்போதும் அவர் முகம் தெளியவில்லை. எங்களுக்கும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்த மடல்.

ருஸ்கியே என்றதும் ரஷ்யாவை நினைக்க வேண்டாம். இன்றைய மேற்கு உக்ரைனும் போலந்தின் தென்கிழக்கும் சேர்ந்த பழைய சிவப்பு ருத்தேனியா பகுதியைக் குறிக்கும் பெயர் அது. 2022இல் போர் தொடங்கியபின் பல கடைகள் இதையே உக்ரைன் பியெரோகி என்று பெயர் மாற்றி எழுதிவிட்டன, ஆகவே எந்தப் பெயரில் பார்த்தாலும் பண்டம் ஒன்றுதான். பூரணம் பெரும்பாலும் சைவம்தான், சிக்கல் அதைச் சுற்றி இருப்பதில். வெளியே சாப்பிட்டால் ‘பெஸ் ஸ்க்வாரெக்’ என்று சொல்லுங்கள், ஸ்க்வார்கி வேண்டாம் என்று அர்த்தம். உறைய வைத்த பாக்கெட் வாங்கினால் பொருட்பட்டியலில் ‘யாயா’ இருக்கிறதா என்று பாருங்கள், அது முட்டை. முட்டைக்கோஸ் பூரணமாக இருந்தால் பன்றி நெய்யில் வதக்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதற்கு ‘ஸ்மாலெட்ஸ்’ என்று பெயர்.

இவ்வளவு பார்ப்பதற்கு வீட்டிலேயே செய்துவிடலாம். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் எதிர் வீட்டுப் பாட்டி. மாவில் முட்டையே சேர்க்க மாட்டார், வெந்நீர்தான். அரை கிலோ கோதுமை மாவு (500 என்று எண் போட்டது), ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், கால் லிட்டர் நல்ல வெந்நீர். கொழுக்கட்டை மாவுக்கு நாம் ஏன் கொதிநீர் விடுகிறோமோ கிட்டத்தட்ட அதே காரணம்தான், மாவு கொஞ்சம் வெந்து இளகி, தேய்க்கும்போது சுருங்கி ஓடாமல் சொன்னபடி கேட்கும். பிசைந்து மூடி அரை மணி நேரம் விடுங்கள்.

பூரணத்துக்கு அரை கிலோ உருளைக்கிழங்கை வேகவைத்து, சூட்டோடு கட்டியில்லாமல் மசித்து, நன்றாக ஆறவிடுங்கள். சூடாக வைத்தால் மாவு நசநசத்துக் கிழிந்துவிடும். கால் கிலோ த்வாருக் (இங்கத்திய பாலாடைக்கட்டி), வெண்ணெயில் சிவக்க வதக்கிய இரண்டு பெரிய வெங்காயம், உப்பு, மிளகு. மிளகைத் தாராளமாகவே போடுங்கள், பாட்டியும் அப்படித்தான் போடுவார்.

த்வாருக் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கடையில் பனீர் விற்கிறோம், ஆனாலும் இதற்கு அதை வாங்காதீர்கள். புளிக்கவைத்த பாலை மெதுவாகச் சூடாக்கி வடித்தெடுப்பது த்வாருக், அந்த லேசான புளிப்புதான் ருஸ்கியேயின் ருசி, பனீரில் அது வராது. ஆப்பு வடிவத்தில் கட்டியாக வருவதை எடுங்கள். சிறு வாளியில் அரைத்து வருவது சீஸ்கேக்குக்கு, அதைப் போட்டால் பூரணம் நீர்த்துவிடும். சிலவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள் என்பதால் ‘பொட்புஷ்ச்கா’ என்ற சொல் இல்லாததாகப் பார்த்து வாங்குவது நல்லது.

மாவை மெல்லியதாகத் தேய்த்து, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வெட்டி, நடுவில் ஒரு தேக்கரண்டி பூரணம் வைத்து மடியுங்கள். பாட்டி இந்த இடத்தில் அவசரப்படவே மாட்டார். பூரணத்தை ஒட்டி விரலால் தடவிக் காற்றை வெளியே தள்ளிவிட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அழுத்திக்கொண்டே போவார், அப்புறம் திரும்ப ஒருமுறை அதே வழியில். உள்ளே காற்று நின்றால் தண்ணீரில் வாய் திறந்துவிடும். விளிம்பில் துளி பூரணம் பட்டிருந்தாலும் ஒட்டாது.

உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மிதந்து வந்தபின் இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிடலாம். மேலே வெண்ணெயில் வதக்கிய வெங்காயம். மிஞ்சினால் மறுநாள் வெண்ணெயில் இருபுறமும் முறுகலாக வறுத்துச் சாப்பிடுங்கள், எங்கள் வீட்டில் அதற்காகவே கூடுதலாகச் செய்கிறோம்.

டிசம்பர் 24 இரவு இங்கே வீடுகளில் இறைச்சி சமைக்காத வழக்கம். அன்றைக்கு வைக்கும் புளித்த முட்டைக்கோஸ், காய்ந்த காளான் பூரணத்தைப் பற்றி டிசம்பரில் தனியாக எழுதுகிறோம், காளானை முதல் நாள் இரவே ஊறப்போடுவதிலிருந்து அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

இந்த வாரம் முதல் ரென்னெட் சேர்க்காத த்வாருக் வியாழக்கிழமைதோறும் கடைக்கு வருகிறது. வேண்டுமென்றால் செவ்வாய்க்குள் சொல்லிவிடுங்கள், உங்கள் பெயரில் எடுத்து வைக்கிறோம். முதல் தடவை செய்யும்போது மாவு சரிப்படவில்லை என்றால் தயங்காமல் கடைக்கு எடுத்து வாருங்கள், தொட்டுப் பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
கடையில் உள்ள எல்லோரும்