புது ஆளை லெவல் 1ல உக்கார வைக்கிற டிஎம்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டிஎம் பெருமக்களே,

"என் டேபிள்ல யாரு புதுசா வந்தாலும் லெவல் 1தான், மத்தவங்க கஷ்டப்பட்டு ஏறினாங்கல்ல, நீயும் ஏறு"ன்னு சொல்றீங்க பாருங்க, உங்களுக்குத்தான் இந்த மடல். (தெரியாதவங்களுக்கு: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமா டி அண்ட் டி, டைஸ் உருட்டி ஆளுக்கொரு பாத்திரமா ஆடுற கதை விளையாட்டு. டிஎம்னா அத நடத்துறவரு, லெவல்னா பாத்திரம் பலமாக ஆக ஏறுற படி.) எல்லாருக்கும் ஒரே லெவல் குடுக்கிறவங்க சும்மா படிச்சுட்டுப் போங்க, உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல.

சில வருஷம் முன்னாடி ஓடிட்டிருந்த ஒரு டி&டி கேம்பெய்ன்ல (பல நாள் தொடர்ற ஆட்டம்) போய்ச் சேர்ந்தேன், ஐந்தாம் எடிஷன், பார்ட்டி, அதாவது கூட ஆடுற கூட்டம், முழுக்க லெவல் 7, நான் மட்டும் லெவல் 1 கிளெரிக் (மந்திரம் போடுற பூசாரி), மொத்த ஹிட் பாயிண்ட், அதாவது உசுரு, 10. மூணாவது செஷன்ல ஒரு இளம் சிவப்பு டிராகன் வந்து தீய ஊதுச்சு. 16டி6, அதாவது ஆறு முக டைஸ் பதினாறு உருட்டிக் கூட்டுனா வர்ற அடி, அதுல பாதி தப்பிக்க, அதான் சேவ் பண்ண, 17 வேணும். இருபது முக டைஸ்ல 19 விழுந்துச்சு, நான் சேரை விட்டே எந்திரிச்சுட்டேன்னு வைங்க. டிஎம் கூட்டிப் பாத்துட்டு "54, உனக்குப் பாதி, 27"ன்னாரு. 10 போக மிச்சம் 17, மிச்சம் என்னோட மொத்த ஹிட் பாயிண்ட்டத் தாண்டிடுச்சு, அப்ப டெத் சேவ்கூட (சாகாமப் பொழைக்க உருட்டுற டைஸ்) கிடையாது, ஸ்பாட்லயே காலி. மத்தவங்க அதே தீயில கருகிட்டு நின்னு சண்டையப் போட்டாங்க, நான் ரெண்டு மணி நேரம் டைஸ அடுக்கி வெச்சு வெளையாடிட்டிருந்தேன்.

கேட்டா "அந்தக் காலத்துல எல்லாம் இப்படித்தான்"ங்கிறீங்க. அந்தக் காலத்துல இப்படித்தான், சரி, ஆனா பாதியச் சொல்லிட்டு பாதிய முழுங்குறீங்க. 1981 பேசிக் ரூல்ஸ்ல லெவல் 2க்குப் போக தீஃபுக்கு 1,200 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), ஃபைட்டருக்கு 2,000, மேஜிக் யூஸருக்கு 2,500. ஒரே அளவு எக்ஸ்பி வாங்கினாலும் லெவல் கலந்துதான் இருக்கும், அது அந்த ஆட்டத்தோட அமைப்பு. அதோட ஆரம்பத்துல ஒவ்வொரு லெவலுக்கும் தேவை ரெட்டிப்பாகிட்டே போகும், அதனால பின்னாடி வந்தவன் மளமளன்னு பக்கத்துல வந்துடுவான்.

ஐந்தாம் எடிஷன்லகூட கணக்கு கிட்டத்தட்ட அப்படித்தான் வருது, போட்டுப் பாருங்க. லெவல் 7க்கு 23,000, 8க்கு 34,000. பெரியவங்க அந்த ஒரு லெவல் ஏற சம்பாதிக்கிற 11,000ஐ புது ஆளுக்கும் குடுத்தா அவன் லெவல் 5. அவங்க 48,000 தொட்டு 9 ஆகுறப்ப இவன்கிட்ட 25,000, அதாவது லெவல் 7. ஆறு லெவல் இடைவெளி மூணாகி, ரெண்டாகிடுச்சு.

ஆனா நீங்க என்ன பண்றீங்க? எக்ஸ்பி எழுதுறது தலைவலின்னு அதத் தூக்கிப் போட்டுட்டு மைல்ஸ்டோன் வெச்சிருக்கீங்க, கதை நகர்ந்தா எல்லாருக்கும் ஒரு லெவல். அவங்க 8 ஆனா இவன் 2, அவங்க 12 ஆனா இவன் 6, அந்த ஆறு லெவல் கேம்பெய்ன் முடியுற வரைக்கும் ஆறாவே கெடக்கும். பழைய காலத்துல இருந்து தண்டனைய மட்டும் எடுத்துக்கிட்டு மருந்த விட்டுட்டீங்க, இதுதாங்க என் ஒரே சண்டை. (செஷனுக்கு வராதவனுக்கு லெவல் கிடையாதுங்கிற டிஎம்களும் இதே கேஸ்தான்.)

லெவல் கலந்து ஆடவே முடியாதுன்னு நான் சொல்லல, நானே இப்ப அப்படி ஒரு டேபிள் நடத்துறேன். ஐந்தாம் எடிஷன்ல நாம அடிக்கிறது படுற வாய்ப்புல பெரிய வித்தியாசம் இல்ல, லெவல் 1 ஃபைட்டருக்கு அடிக்க உருட்டுற டைஸோட +5 கூடும்னா லெவல் 7க்கு +7 இருக்கும், அவ்ளோதான். உசுருலதான் இருக்கு விஷயம், ஒருத்தனுக்கு 12 இன்னொருத்தனுக்கு 60. அதனால நான் பாத்துக்கிறது ஒண்ணே ஒண்ணு, மொத்தக் கூட்டத்து மேலயும் ஒரே நேரத்துல விழுற அடி, டிராகன் மூச்சு, ஃபயர்பால் மாதிரி. அது இருக்குன்னா முன்னாடியே தெரியுற மாதிரி காட்டிடுவேன், கருகுன சுவரு, உருகுன கவசம்னு, சின்ன லெவல் ஆளு எங்க நிக்கணும்னு அவனே முடிவு பண்ணிக்கட்டும். பெரிய எதிரி பெரிய ஆளத்தான் தேடிப் போகும், அதோட அடியாளுங்க சின்னவனுக்கு. இதுல ஏமாத்து வேலை ஒண்ணும் இல்ல, எந்த டிராகன் போய் முதல்ல பொடியன அடிக்கும்?

இன்னொண்ணு, சின்ன லெவலுக்கு வேலையே இல்லன்னு நினைக்காதீங்க. ப்ளெஸ் ஸ்பெல்ல எடுத்துக்குங்க, மூணு பேருக்கு ஒவ்வொரு அட்டாக்லயும் சேவ்லயும் ஒரு டி4 (நாலு முக டைஸ்) கூடும், லெவல் 1 கிளெரிக் போட்டாலும் அதே டி4தான், லெவல் 9 கிளெரிக் போட்டாலும் அதே டி4தான். பெரிய கிளெரிக்கோட கான்சென்ட்ரேஷன் வேற பெரிய ஸ்பெல்ல மாட்டிக்கிட்டிருக்கும், ஒரு நேரத்துல ஒண்ணுதான் பிடிக்க முடியும்ல, அப்ப ப்ளெஸ் போட ஒரு பொடியன் இருந்தா பார்ட்டியே அவனச் சுத்தி நின்னு காப்பாத்தும். என் டேபிள்ல இத கண்ணாலயே பாத்தேன், லெவல் 9 பாலடின் ஒரு லெவல் 2 கிளெரிக் முன்னாடி போய் நின்னு "இவன் விழுந்தா நம்ம டி4 போச்சுடா"ன்னு கத்தினான்.

இதே மாதிரி இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டர் ரெண்டாம் எடிஷன் நடத்துறவங்க மட்டும் இந்த வேலையே பண்ணாதீங்க. அதுல பயிற்சி இருக்கிற எல்லாத்துலயும் லெவல் நேரா கூடுது, தேவையான நம்பர 10 தாண்டினா கிரிட்டிக்கல் வேற, நாலு லெவல் கம்மின்னா அடிக்கிறது ஒண்ணும் படாது, வாங்குறதெல்லாம் ரெட்டிப்பா வாங்குவான்.

ஆக ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. லெவல் 1தான்னா எக்ஸ்பி நோட்ட திரும்ப எடுங்க. மைல்ஸ்டோன்தான்னா புது ஆள பார்ட்டி லெவல்லயே, மனசு கேக்கலன்னா ஒரு லெவல் கம்மியா, உள்ள விடுங்க. என் கிளெரிக்கோட ஷீட் இன்னும் வெச்சிருக்கேன், பின்கதை எழுதுற கட்டத்துல ரெண்டு வரிதான் இருக்கு.

இப்படிக்கு,
சேவ் ஜெயிச்சும் செத்தவன்